தேசிக்காய் வைக்காத கார்

திங்கட்கிழமை காலை எட்டேகாலுக்கு இன்னும் பதினெட்டு மணித்தியாலமும் பத்து நிமிடமும் இருந்தன. தவமலர் சமையலறை மணிக்கூட்டைப் பார்த்துக் கணக்குப் போட்டாள். பள்ளிக்கூடம் ஒன்றின் விஞ்ஞான ஆய்வுகூடத்தில் பதினாறு வருடமாக வேலை செய்கிறவள். குவளையில் எத்தனை மில்லிலீட்டர் என்று பார்க்கிற அதே கண்ணால்தான் நேரத்தையும் பார்ப்பாள்.

நாளை எட்டேகாலுக்கு அவளுடைய கணவர் பாலேந்திரா முதியோர் நிலையத்தின் வான் வண்டியை எடுத்துக்கொண்டு, கோலியர்ஸ் வுட்டிலும் சுற்றுவட்டாரத்திலுமாகப் பன்னிரண்டு வயோதிபர்களை வீடு வீடாகப் போய் ஏற்றப்போகிறார். சம்பளமில்லாத வேலை. இருபத்தேழு வருடம் லண்டனில் பஸ் ஓட்டிப் போன வருடம் ஓய்வுபெற்ற மனிதருக்கு இதைவிடப் பொருத்தமான தொண்டு கிடையாது என்று எல்லோரும் சொன்னார்கள். வானின் திறப்பைக் கொடுப்பதற்காகத்தான் நிலையத்தை நடத்தும் ஜெராட் தன் மனைவி சுசிலாவோடு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு வந்திருந்தான். திறப்பு தன் சாவி வளையத்தோடு மேசையில் ஊறுகாய்ப் போத்தலுக்குப் பக்கத்தில் கிடந்தது.

பாலேந்திரா அந்த வானை ஓட்டக் கூடாது. எட்டு நாட்களாகத் தவமலருக்கு இது தெரியும். அவருடைய கண்ணில் ஏதோ பிழை. அவர் அதைச் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. முப்பத்தொரு வருடக் குடும்ப வாழ்க்கையில் அவரைப் பற்றி அவள் படித்த பாடம் ஒன்று உண்டு: கேட்டால் மறுப்பார், மறுத்த பிறகு, மறுத்துவிட்டோமே என்பதற்காகவே அதில் நின்று பிடிப்பார். ஆகவே காத்திருந்தாள். எட்டேகாலுக்குள் அவராகச் சொல்லாவிட்டால் அவளே ஜெராட்டிடம் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்திருந்தாள். பன்னிரண்டு பேரின் உயிர். ஆனால் அப்படிச் சொன்னால், அந்த மனிதரிடம் மிச்சமிருக்கிற ஒரே பெருமையைப் பெண்சாதியே பறித்து ஊர் முன்னால் போட்டதாக ஆகும். அதற்குப் பிறகு ஒரே மேசையில் உட்கார்ந்து இருவரும் எப்படித் தேத்தண்ணீர் குடிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"மலர் அக்கா, இறைச்சி விசேஷம்," என்றான் ஜெராட் கையை நக்கிக்கொண்டு. "பாலா அண்ணை, சைப்பிரஸ் கதையை எடுத்து விடுங்கோவன். சுசிலா இன்னும் கேக்கேல்லை."

"கேட்டனான். போனில அரைவாசி," என்றாள் சுசிலா. "ஆடு இன்சூரன்ஸ் பேப்பரைச் சாப்பிட்டதெண்டு அண்ணை சொன்னவர். பகிடிக்குச் சொல்றார் எண்டு நினைச்சன்."

"பகிடியோ? சத்தியமாப் பிள்ளை. ரசீதோட சேத்துச் சாப்பிட்டது."

பாலேந்திரா சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தார். கதைக்குத் தயாராகிவிட்டார் என்று அர்த்தம். தவமலர் அடுப்பை அணைத்துவிட்டு வந்து கதவோரக் கதிரையில் உட்கார்ந்தாள். திரும்பி வந்த எட்டு நாட்களில் இந்தக் கதையை அவள் நான்கு தரம் கேட்டிருக்கிறாள். விம்பிள்டன் கோயில் வாசலில் ஒரு தரம், பக்கத்து வீட்டு வேலிக்கு மேலால் ஒரு தரம், தொலைபேசியில் இரண்டு தரம். ஒவ்வொரு தரமும் அவளுக்கு ஆச்சரியம்தான். அவளிடம் யாராவது கேட்டால், போனோம், கடல் நல்ல நீலம், வந்தோம் என்று முடித்துவிடுவாள். இவரோ ஒரு அப்பளத்தை எடுத்துச் சாப்பாட்டு மேசையையே கடற்கரையாக்கிவிடுவார்.

"ஏன் சைப்பிரஸுக்குப் போனனாங்கள்? அங்கையும் எங்களை மாதிரி இடப்பக்கம் ஓடுறவங்கள். மற்றத் தீவுகளில ஸ்டியரிங் மாறிக் கிடக்கும். எனக்கேன் அந்தக் கோதாரி? சரி. போகேக்க நாலு பச்சைத் தேசிக்காய் கொண்டு போனனான்."

"லண்டனிலையிருந்தோ?"

"டூட்டிங்கில வாங்கினது. கைப்பையில வைச்சன். எயார்போட்டில செக் பண்ணின பெட்டை எடுத்துப் பாத்திட்டு, ஜின்னுக்கோ எண்டு கேக்கிறாள். இல்லைத் தங்கச்சி, காருக்கு எண்டன். அவள் மறுபடி என்னைப் பாக்கேல்லை. போங்கோ எண்டு கையைக் காட்டிப்போட்டாள்."

சுசிலா இப்போதே சிரிக்கத் தொடங்கிவிட்டாள்.

"லார்னகாவில இறங்கி வாடகைக் காரை எடுத்தாச்சு. கறுப்பு. வடிவான கார். நாலு சில்லுக்கும் கீழ நாலு தேசிக்காயை வைச்சு, பிள்ளையாரே எண்டு நசிச்சு, ரண்டடி முன்னுக்கு எடுத்தன். அந்த நேரம் பாத்துக் கொம்பனிக்காரன் காரில கீறல் இருக்கோ எண்டு போட்டோ எடுக்க வாறான். பெரிய தொந்தியோட ஒரு மனுசன். பாத்தால் காருக்குக் கீழ நாலு பக்கமும் ஈரம். 'ஸ்டொப்! ஸ்டொப்!' எண்டு கத்தினான். அந்தத் தொந்தியோட நிலத்தில படுத்திட்டான் ஐயா. விரலால தொட்டு மணந்து பாத்தான். பிறகு நக்கினான்."

பாலேந்திரா நக்கிக் காட்டினார். புளிப்பில் ஒரு முழு முகம் எப்படிச் சுருங்கும் என்பதை மூன்று கட்டங்களாகக் காட்டினார். ஜெராட் மேசையில் அடித்துச் சிரித்தான்.

"நான் சொன்னன், இது லீக் இல்லை, கடவுளுக்கு வைச்சது. அவன் சொல்றான், சேர், என்ர காருக்குக் கடவுள் வேண்டாம், மெக்கானிக்தான் வேணும். கறுப்பைப் பறிச்சுப்போட்டு ஒரு வெள்ளைக் காரைத் தந்தான். இப்ப சொல்லு ஜெராட், தேசிக்காய் முடிஞ்சுது. அந்த வெள்ளைக் காருக்கு நான் என்னத்தை வைக்கிறது?"

"அங்கை வழி முழுக்க லெமன் மரமெல்லோ அண்ணை?"

"அது மஞ்சள் லெமன். பிள்ளையார் என்ன, லெமனைக் காட்டித் தேசிக்காய் எண்டு சொல்லி ஏமாத்தக்கூடிய ஆளோ? அதுதான் சொல்றன், பிறகு நடந்ததெல்லாத்துக்கும் அதுதான் காரணம். தேசிக்காய் வைக்காத கார்."

இந்த இடத்தில் தவமலர் எப்போதும் தன் கைகளைப் பார்ப்பாள். காரணம் சொல்லியாகிவிட்டது. கேட்கிறவர்களும் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டார்கள். இனி என்ன நடந்தாலும் தேசிக்காயின் தலையில் போட்டுவிடலாம்.

"விமான நிலையத்தை விட்டு வெளிக்கிட்டு முதல் ரவுண்டபௌட். நான் நல்ல பிள்ளையா நுழையிறன். இடப்பக்கத்தால ஒரு லொறி, முழுக்க வத்தகப்பழம். ஹோன் அடிச்சான் பாருங்கோ, நெஞ்சு ஒருக்கா நிண்டு போச்சு. ரண்டு பேரும் பிரேக். மூண்டு வத்தகப்பழம் உருண்டு வந்து நடு ரோட்டில சிவப்புச் சிவப்பாச் சிதறிச்சுது. லொறிக்காரன் இறங்கி வாறான். அடிக்கப்போறான் எண்டு நினைச்சன். நான் என்ன செய்தனான் தெரியுமோ? குனிஞ்சு கோதுகளைப் பொறுக்கத் தொடங்கிட்டன். அவன் பாத்தான். ஒரு கிழவன், மத்தியான வெயிலில, ரவுண்டபௌட்டுக்கு நடுவில நிண்டு கோது பொறுக்கிறான். அவனுக்குச் சிரிப்பு வந்திட்டுது. அவனும் சேந்து பொறுக்கினான். கடைசியில ஒரு முழுப் பழம் தந்து அனுப்பினவன்!"

"அந்தப் பழத்தையும் சொல்லுங்கோ," என்றாள் தவமலர் மெதுவாக. அந்தப் பகுதி அவளுக்குப் பிடிக்கும்.

"ஓ! பின் சீற்றில வைச்சால் கார் கூவத் தொடங்கிட்டுது. பீப், பீப், பீப். ஆரோ பெல்ட் போடாம இருக்கினம் எண்டு அதுக்கு நினைப்பு. பாஃபோஸ் மட்டும் நூற்றிச் சொச்சம் கிலோமீற்றர் அப்பிடியே கூவிக்கொண்டு போகேலுமோ? மலர் இறங்கிப் போய்ப் பழத்துக்கு பெல்ட் போட்டவ. ஹோட்டல் வாசலில ஒரு மனுசி எட்டிப் பாத்திட்டுப் பிள்ளை நித்திரையோ எண்டு கேட்டது."

எல்லோரும் சிரித்தார்கள். தவமலரும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே மனதில் குறித்துக்கொண்டாள். லொறி இடப்பக்கத்தால் வரவில்லை. ரவுண்டபௌட்டில் வாகனங்கள் வலப்பக்கத்தால்தான் வரும். அது லண்டனில் ஐம்பத்தேழாம் இலக்க பஸ்ஸை வருடக்கணக்காக ஓட்டியவருக்குத் தெரியாத சங்கதியல்ல. அன்றைக்கு அந்த லொறி கண்ணுக்கு நேரே மலை மாதிரி வந்தது. இடது சீற்றிலிருந்த அவளுக்கே தெரிந்தது. அவருக்குத் தெரியவில்லை.

ஒரு தடவை நடந்தால் தற்செயல். இரண்டாம் நாள் பாஃபோஸுக்கு மேலேயுள்ள ஒரு கிராமத்தில், ஒற்றைப்பாதை ஒழுங்கையொன்றில், அவருடைய பக்கத்துக் கண்ணாடி கல்மதிலில் அடிபட்டுத் தொங்கியது. வலப்பக்கம். அவருடைய முழங்கையிலிருந்து ஒரு சாண் தூரம். மூன்றாம் நாள் ஆடு. அதுவும் வலம். கடைக்குப் போனபோது வலப்பக்கத்துத் தட்டின் நுனியில் நின்ற ஆலிவ் எண்ணெய்ப் போத்தலைத் தட்டிவிட்டார். வலம். நான்கு அவதானிப்பு, நான்கும் ஒரே பக்கம். ஆய்வுகூடத்துப் பிள்ளைகள் இப்படியொரு அட்டவணையைக் கொண்டுவந்தால், முடிவை எழுத ஏன் தயங்குகிறாய் என்று அவளே கேட்பாள்.

அதோடு இன்னொன்று. கதையில் அவர் எல்லாவற்றையும் இடப்பக்கத்துக்கு மாற்றியிருந்தார். கோயில் வாசலில் முதல் தரம் கேட்டபோதே அவளுக்கு அது தட்டுப்பட்டது. தெரியாதவர் பக்கத்தை மாற்றமாட்டார். அவருக்குத் தெரியும்.

பாலேந்திரா கண்ணாடிக் கதையை முடித்திருந்தார். ஒழுங்கையைக் காட்ட இரண்டு அப்பளங்களைச் செங்குத்தாகப் பிடித்து நடுவில் கரண்டியை ஓட்டினார். கரண்டி இடது அப்பளத்தை உடைத்தது. தொங்கிய கண்ணாடியைத் தவமலர் கைப்பையிலிருந்த பிளாஸ்டரால் சுற்றிக் கட்டியதையும், பிறகு பெற்றோல் அடிக்கப் போன இடத்தில் ஒருவன் "காருக்குக் காய்ச்சலோ?" என்று கேட்டதையும் சொன்னார்.

"இப்ப ஆட்டுக்கு வருவம். கடற்கரைப் பாதை. ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் பத்தை. நான் மெல்லமாத்தான் போறன். மணிச்சத்தம் கேக்குது. கோயில் மணி எண்டு நினைச்சன், கும்பிடக் கையும் எடுத்திட்டன். பாத்தால் காதுக்குள்ள கேக்குது! பிரேக்கைப் போட்டன். இடப்பக்கத்தில ஒரு ஆடு. சின்ன ஆடில்லை. தாடியும் கொம்புமா எங்கட பழைய டிப்போ மனேச்சர் மாதிரி. ஜன்னலுக்குள்ள தலையை விட்டு..."

"வலப்பக்கம்," என்றாள் தவமலர்.

சொல்ல வேண்டுமென்று அவள் திட்டமிடவில்லை. சிரிப்புக்கு நடுவே அது சின்னக் குரலில்தான் வந்தது. ஆனால் அவள் வழமையாகக் கதைக்கு நடுவில் பேசுகிறவள் அல்ல. மூன்று பேரும் திரும்பினார்கள்.

"என்ன அக்கா?" என்றான் ஜெராட்.

"ஆடு நிண்டது வலப்பக்கம். இவற்ற பக்கத்து ஜன்னலுக்குள்ளதான் தலையை விட்டது. இவற்ற சேட் பொக்கற்றில கிடந்த பேப்பரைத்தான் திண்டது."

"அக்கா, ஆடு எந்தப் பக்கம் நிண்டால் என்ன? விஞ்ஞானத்தை விடமாட்டியள் போல!" ஜெராட் சிரித்தான். "அண்ணை, நீங்க சொல்லுங்கோ. இடமோ வலமோ, தேசிக்காய் இல்லை. அதுதானே விசயம்?"

பாலேந்திரா சிரிக்கவில்லை. அவர் தவமலரைப் பார்த்தார். தலையைச் சற்றே வலப்பக்கம் திருப்பி, இடது கண்ணை அவள் முகத்துக்கு நேரே கொண்டுவந்து பார்த்தார். இந்த எட்டு நாளாக அவர் இப்படித்தான் பார்க்கிறார். அவள் பார்வையை எடுக்கவில்லை. ஆத்திரப்படுவார் என்று நினைத்தாள்.

"ஓம்," என்றார் அவர். "வலப்பக்கம்."

பிறகு அப்பளத் துண்டொன்றை எடுத்து மேசையில் வைத்தார். எடுத்தார். திரும்ப வைத்தார்.

"லொறியும் அப்பிடித்தான். ரவுண்டபௌட்டில வேற எந்தப் பக்கத்தால வரும்? நான் கதைக்காக மாத்திச் சொன்னனான்."

"அதுக்கென்ன அண்ணை," என்றாள் சுசிலா. ஏதோ மாறிவிட்டதென்று மட்டும் அவளுக்கு விளங்கியது. "பிறகு என்ன நடந்தது? மலைப்பாதை எண்டு ஏதோ சொன்னியள். பஸ் ஒண்டு வந்து, நீங்க றிவேர்ஸ் எடுத்து..."

மலைப்பாதை. இதுவரை சொன்ன நான்கு தரமும் அந்தப் பாதையில் கார் ஓட்டியது பாலேந்திராதான். தவமலர் அதற்கு ஒரு சொல்லும் சொன்னதில்லை. உண்மையில் நடந்ததைவிட அவர் அதை நன்றாகச் செய்வார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் அவளே நம்பிவிடுவாள்.

"பொமோஸ் எண்டு ஒரு ஊர்," என்று தொடங்கினார். குரல் இறங்கியிருந்தது. "அதுக்கு அங்கால பாதை ஏறும். ஏறி, வளைஞ்சு, திரும்ப ஏறும். இடப்பக்கம் கடல். வேலி இல்லை. நான் ஓடிக்கொண்டு போறன். எதிரால ஏதும் வந்திடுமோ எண்டு எனக்குப் பயம். வாறது எனக்கு... சரி, அது இருக்கட்டும். பயத்தில நான் இடத்துக்கு, இடத்துக்கு ஒதுங்கிறன். இவ எனக்குப் பக்கத்தில இருக்கிறா. இவவுக்குக் கீழ ரோட்டில்லை, தண்ணி. கத்தியிருக்கலாம். வேற ஆராயிருந்தாலும் கத்தியிருக்கும். இவ ஒண்டும் சொல்லேல்லை. என்ர கைக்கு மேல கையை வைச்சா. அவ்வளவுதான்."

தவமலருக்கு அந்த நிமிடம் நினைவிருந்தது. கத்தினால் அவர் திடுக்கிட்டுத் திரும்புவார், திரும்பினால் விழுவோம் என்பது மட்டுமே அப்போது அவள் மூளையில் ஓடியது. அதை அவர் இப்படிப் பார்த்திருந்தார் என்று அவளுக்குத் தெரியாது.

"கொஞ்சம் ஒதுக்கமா ஒரு இடம் வந்தது. நிப்பாட்டினன். கால் பிடிச்சுப் போச்சு, மலர், கொஞ்சத் தூரம் நீர் காரை ஓட்டும் எண்டு திறப்பைக் குடுத்தன்."

"அக்காவிட்டையோ?" ஜெராட்டின் வாய் பிளந்தது. "அக்கா சனிக்கிழமையில கடைக்கு மட்டும்தானே கார் ஓடுறவ?"

"அதைத்தான் நானும் நினைச்சுக்கொண்டிருந்தன், முப்பத்தொரு வருசமா. லார்னகாவில கொம்பனிக்காரன் ரண்டாவது ட்ரைவருக்குக் காசில்லை எண்டவன். சும்மா தாறான், விடுவானேன் எண்டு இவவின்ர பேரைப் போட்டனான். அதுக்குத்தான் போட்டது. ஜெராட், கேள். முப்பத்தொரு கிலோமீற்றர். கியர் மாத்தின சத்தம் எனக்குக் கேக்கேல்லை. வளைவுக்கு முன்னம் பிரேக், வளைவுக்குள்ள கால் எடுப்பு. நாங்கள் புதுசா வாற பஸ் ட்ரைவர்மாருக்கு மாதக்கணக்காச் சொல்லிக் குடுக்கிறதை, ஆரும் சொல்லிக் குடுக்காம இவ செய்யிறா. நான் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தன்."

"நீங்களோ?" என்றாள் சுசிலா.

"ஓம், நானேதான். பிறகு அந்த பஸ் வந்தது. பெரிய கோச். வளைவில மூக்கை நீட்டிக்கொண்டு நிக்குது. அவனாலயும் பின்னுக்குப் போகேலாது. இவ ஒண்டும் பேசேல்லை. வலப்பக்கக் கண்ணாடி கட்டுப்போட்டுக் கிடக்கு. கழுத்தைத் திருப்பினா, றிவேர்ஸைப் போட்டா. நாப்பது மீற்றர், வளைவுக்குள்ளால, ஒரு பக்கம் கடல். நூல் பிடிச்ச மாதிரிப் பின்னுக்குப் போனது கார். இருவத்தேழு வருசத்தில எத்தினை பேற்ற றிவேர்ஸைப் பாத்திருப்பன்? இப்பிடி ஒண்டு பாக்கேல்லை. கோச்காரன் போகேக்க கையெடுத்துக் கும்பிட்டான். எனக்கில்லை. இவவுக்கு. அவனுக்குத் தெரியும் எல்லோ, தொழில் தெரிஞ்சவன்."

வெளியே தெருவில் ஒரு பஸ் பெருமூச்சோடு நின்று, ஆட்களை இறக்கி, புறப்பட்டது. தவமலரின் காது சூடாகியிருந்தது. புகழை எங்கே வைப்பது என்று தெரியாமல் சேலைத் தலைப்பின் நூலைப் பிரித்தாள். நான்கு தரமும் தானே எடுத்ததாகச் சொன்ன றிவேர்ஸை இந்த மனிதர் இன்றைக்குப் பிடுங்கி அவளிடம் திருப்பித் தந்துவிட்டார். அவருக்கு அது எவ்வளவு பெரிய சொத்து என்று இந்த மேசையில் அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. பஸ் ஓட்டுவதில் அவரைக் கண்டு அவள் வியந்த நாட்கள் பல உண்டு. இவ்வளவு வியந்ததில்லை.

ஆனால் இன்னும் ஒன்று மிச்சமிருந்தது. அவர் அந்த விளிம்பில் வந்து நிற்கிறார் என்பது அவளுக்குத் தெரிந்தது.

"பாத்தியளோ, மலர் அக்காவைச் சும்மா நினைச்சுப்போட்டம்!" ஜெராட் கலகலப்பைத் திரும்பக் கொண்டுவரப் பார்த்தான். "அப்ப அண்ணை, கால் இப்ப சுகமோ? நாளைக்கு எட்டேகாலுக்கு எங்கட கிழடுகள் வாசலில நிக்கும். கால் பிடிச்சுப் போச்செண்டு அதுகளிட்டத் திறப்பைக் குடுத்திடாதேங்கோ. செல்லையா ஐயாவுக்குத் தொண்ணூற்றொண்டு, தந்தால் வாங்கி ஓடுவார்!"

சுசிலா சிரித்தாள். தவமலர் வாயைத் திறந்தாள். சொல்லிவிடலாம். ஒரே வசனம். அவள் மூச்செடுத்தபோது பாலேந்திராவின் கை மேசைக்கு மேலால் வந்தது. அவளுடைய கையைத் தேடியது. முதலில் தவறி அப்பளத் தட்டில் பட்டது, பிறகு பிடித்தது.

"கால் பிடிக்கேல்லை, ஜெராட்," என்றார்.

"என்ன அண்ணை?"

"கால் எனக்கு அண்டைக்கும் பிடிக்கேல்லை, இண்டைக்கும் பிடிக்கேல்லை. மலருக்கு அது தெரியும். தெரிஞ்சுகொண்டு எட்டு நாளா என்னை ஒரு கேள்வி கேக்கேல்லை." அவர் அவளைப் பார்க்கவில்லை, கையை மட்டும் விடாமல் பிடித்திருந்தார். "மார்ச் மாதத்தில இருந்து என்ர வலது கண் தெரியுதில்லை."